கன்சோலும் வெளியார் நிரலும்

குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் தங்கை குடும்பம் இருக்கிறது. அவளுடைய மூத்த மகள் பள்ளியில் கணினிப் பாடம் படிப்பவள். சென்ற கோடை விடுமுறையில் ஒரு சிறிய வீடியோ கேம் செய்யத் தொடங்கினாள். அம்மம்மாவோடு சேர்ந்து கொழுக்கட்டை அவிப்பதுதான் ஆட்டம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கேம் எஞ்சினை இறக்கிக்கொண்டு, இரண்டே நாளில் அடுப்பு, பானை, ஆவி எல்லாவற்றையும் திரையில் கொண்டுவந்துவிட்டாள். மூன்றாம் நாள் தலைப்பைத் தமிழில் எழுதப் போனவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, ஒருக்கா வந்து பாருங்கோ, எழுத்தெல்லாம் உடையுது."

போய்ப் பார்த்தேன். "கொழுக்கட்டை" என்ற சொல்லில் கொம்பு "க"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. "டை"யிலும் அதே கதை. "ழு"வும் ழகரமும் உகரக் குறியுமாகப் பிரிந்து கிடந்தது.

இந்த உடைந்த எழுத்துக்குக் கட்டுரையின் கடைசியில் திரும்பி வருவோம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு நாளில் அடுப்பையும் பானையையும் திரையில் அசைய வைக்கிறாள். முப்பது வருடங்களுக்கு முன்னர் அனுபவமுள்ள ஒரு குழுவுக்கே இதற்கு மாதக்கணக்கில் பிடித்திருக்கும். இடையில் என்ன நடந்தது? கன்சோல் என்று நாம் சொல்லும் விளையாட்டுக் கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள், வெளியார் அதற்கு நிரல் எழுதுவதை எப்போது தடுத்தன, எப்போது வரவேற்றன, ஏன் என்பதை இங்கே சுருக்கமாகப் பார்க்கலாம்.

மூன்றாம் தரப்பு என்பவர் யார்?

கன்சோலைத் தயாரிக்கும் நிறுவனம் முதல் தரப்பு. அதை வாங்கி விளையாடுபவர் இரண்டாம் தரப்பு. இவர்கள் இருவரும் அல்லாத வெளி நிறுவனம் அந்தக் கருவிக்கென்று ஆட்டம் எழுதி விற்றால் அது மூன்றாம் தரப்பு. இன்று கடையில் இருக்கும் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் தரப்பார் எழுதியவை. ஆனால் தொடக்கத்தில் அப்படி ஒரு சாதியே இருக்கவில்லை.

1977இல் வந்த அட்டாரி 2600 கருவிக்கு ஆட்டங்களை அட்டாரி நிறுவனமே எழுதியது. எழுதிய நிரலாளர்களின் பெயர் பெட்டியில் வராது. தாங்கள் எழுதிய ஆட்டங்கள் நிறுவனத்துக்குப் பெரும் பணம் ஈட்டித் தருகையில், தங்களுக்குச் சம்பளம் மட்டுமே, பெயர்கூட இல்லை என்பது அவர்களை உறுத்தியது. வாரன் ராபினெட் என்பவர் தான் எழுதிய "அட்வென்ச்சர்" ஆட்டத்தில் ஒரு இரகசிய அறை கட்டி, அதற்குள் தன் பெயரை ஒளித்து வைத்தார். வேறு நால்வர், டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கப்லன் ஆகியோர், அட்டாரியை விட்டு வெளியேறி, ஜிம் லெவியுடன் சேர்ந்து 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகின் முதல் மூன்றாம் தரப்பு நிறுவனம் இதுவே. ஒரு நூலுக்கு ஆசிரியர் பெயர் போடுவது போல ஆட்டத்துக்கு அதை எழுதியவரின் பெயரைப் போட்டார்கள். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் சமரசம் ஆயிற்று.

ஆக, இந்தத் துறையில் வெளியார் என்ற இனம் பிறந்ததற்குப் பணத்தோடு கூட, எழுதியவனுக்குப் பெயர் வேண்டும் என்ற ஆசையும் காரணம். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

பூட்டும் உரிமமும்

ஆக்டிவிஷனைப் பார்த்துப் பலரும் கிளம்பினார்கள். தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்தன. 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. அடுத்து வந்த நின்டெண்டோ இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன தன் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. அதற்கு இணையான சில்லு உள்ள கார்ட்ரிட்ஜைச் செருகினால்தான் கருவி ஓடும். கார்ட்ரிட்ஜைத் தயாரிப்பது நின்டெண்டோ மட்டுமே. உரிமம் வாங்கிய நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது. அதே ஆட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கருவிக்குக் கொடுக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். விற்காமல் போனால் நட்டம் வெளியாருக்கு.

பிரித்தானியாவில் அப்போது ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில் யாரிடமும் அனுமதி கேட்காமல் நிரல் எழுதிப் பழகிய ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. லெஸ்டர்ஷயரில் இருந்த ஸ்டாம்பர் சகோதரர்கள் நின்டெண்டோவின் ஜப்பானியக் கருவியை வாங்கி, எந்த ஆவணமும் இல்லாமல் அதன் உள்ளமைப்பைத் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்து, எழுதியதை நின்டெண்டோவிடமே காட்டினார்கள். உரிமம் கிடைத்தது. ரேர் என்ற புகழ்பெற்ற நிறுவனம் இப்படித்தான் உருவாயிற்று.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. குட்மேய்ஸில் ரயிலேறி, ஒரு தடவை மாறினால் எட்ஜ்வேருக்குப் போய்விடலாம். வடமேற்கு லண்டனின் அந்தப் பகுதியில்தான் ஜெஸ் சான் என்பவர் 1982இல், பள்ளி வயதில், ஆரம்பித்த ஆர்கோனாட் நிறுவனம் வளர்ந்தது. நின்டெண்டோவின் கேம் பாய் கருவியை முடுக்கியதும் நின்டெண்டோவின் பெயர் திரையில் மேலிருந்து இறங்கும். அந்தப் பெயர்ப் படம் கார்ட்ரிட்ஜில் சரியாக இருந்தால்தான் ஆட்டம் தொடங்கும். அனுமதி இல்லாதவர் அதைப் போட்டால் வணிகக்குறி வழக்கில் மாட்டுவார். ஆர்கோனாட் இளைஞர்கள் ஒரு எளிய மின்சுற்றால் இந்தச் சோதனையை ஏமாற்றி, தங்கள் நிறுவனப் பெயர் இறங்கும்படி செய்து, கேம் பாயில் முப்பரிமாணக் காட்சியும் ஓட்டிக் காட்டினார்கள். நின்டெண்டோ அவர்கள் மீது வழக்குப் போடவில்லை, கியோட்டோவுக்கு அழைத்தது. கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கூடுதலாக ஒரு கணக்கிடும் சில்லை வைக்கலாம் என்று இவர்கள் சொன்ன யோசனையிலிருந்து சூப்பர் எஃப்எக்ஸ் சில்லும், 1993இல் "ஸ்டார் ஃபாக்ஸ்" ஆட்டமும் பிறந்தன. ஐரோப்பாவில் அந்த ஆட்டம் "ஸ்டார்விங்" என்ற பெயரில் வந்தது.

அமெரிக்காவில் இதே காலத்தில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சேகாவின் மெகா டிரைவைப் பிரித்து ஆராய்ந்து, அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு 1990இல் குறைந்த கட்டணத்துக்குப் பேரம் பேசியது. அக்கொலேட் என்ற சிறு நிறுவனமோ நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒரு கருவியோடு ஒத்தியங்கும் நிரலை எழுதுவதற்காக அதைப் பிரித்து ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சேகாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நிரல் எழுத எளிது என்றால் என்ன?

உரிமம் ஒரு பூட்டு. கருவியின் சிக்கல் இன்னொரு பூட்டு. உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்ட பின்னரும் இரண்டாவது பூட்டு திறக்காமல் இருக்கலாம்.

ஒரு கன்சோலில் நிரல் எழுதுவது எளிதா கடினமா என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வன்பொருளில் எத்தனை செயலிகள், அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பது ஒன்று. நினைவகம் ஒரே தொட்டியா, பல சிறு குவளைகளா என்பது இரண்டு. கருவியோடு தரப்படும் நிரல் நூலகங்கள், ஆவணங்கள், பிழை தேடும் கருவிகள் மூன்று. டெவ்கிட் எனப்படும் உருவாக்குநர் கருவி என்ன விலை, யாருக்குத் தருவார்கள் என்பது நான்கு.

இதற்குச் சிறந்த பாடம் 1994, 1995 ஆண்டுகளில் நடந்தது. சேகாவின் சாட்டர்னும் சோனியின் முதல் பிளேஸ்டேஷனும் ஜப்பானில் ஒரே மாத இடைவெளிக்குள் வெளிவந்தன. சாட்டர்னில் ஹிட்டாச்சியின் எஸ்ஹெச்-2 செயலிகள் இரண்டு, காட்சிச் சில்லுகள் இரண்டு, ஒலிக்குத் தனிச் செயலி என்று ஒரு கூட்டமே இருந்தது. இரண்டு செயலிகளும் ஒரே நினைவகப் பாதையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று படிக்கும்போது மற்றது காத்திருக்கும். உலகம் முழுவதும் முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களால் கட்டத் தொடங்கியபோது சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. முழுத் திறனையும் கறக்க வேண்டுமானால் அசெம்பிளி மொழியில் இறங்கி எழுத வேண்டும்.

பிளேஸ்டேஷனில் ஒரே மையச் செயலி. முக்கோணக் கணக்குகளைச் செய்ய அதனுடனேயே ஒரு துணைப்பகுதி. நிரலை சி மொழியில் எழுதலாம். சோனி நூலகங்களைத் தந்தது. ஆனால் சோனி முதலில் தர நினைத்த டெவ்கிட், விலையுயர்ந்த பணிநிலையக் கணினியில் ஓடுவதாக இருந்தது. இங்கே மீண்டும் பிரித்தானியர் வருகிறார்கள். சோனி 1993இல் வாங்கிய லிவர்பூல் நிறுவனமான சிக்னோசிஸ், ஆண்டி பெவரிட்ஜ், மார்ட்டின் டே என்ற இருவர் நடத்திய எஸ்என் சிஸ்டம்ஸை அழைத்தது. சாதாரண அலுவலகக் கணினியில் செருகக்கூடிய ஒரு அட்டையாக அவர்கள் பிளேஸ்டேஷன் உருவாக்கக் கருவியைச் செய்தார்கள். 1994இன் தொடக்கத்தில் அதைப் பார்த்த சோனி ஏற்றுக்கொண்டது. மேசையில் ஏற்கெனவே இருக்கும் கணினியிலேயே பிளேஸ்டேஷனுக்கு எழுதலாம் என்றானதும் சிறு குழுக்களும் வந்து சேர்ந்தன. எஸ்என் சிஸ்டம்ஸைப் பின்னர் 2005இல் சோனியே வாங்கிக்கொண்டது.

குறுந்தட்டு இன்னொரு காரணம். கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் குறுந்தட்டு அச்சிட ஆகும் செலவு மிகக் குறைவு. விற்கிற வேகத்தைப் பார்த்து மீண்டும் அச்சிடலாம். 1996இல் வந்த நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. அதுவரை நின்டெண்டோவின் தூணாக இருந்த ஸ்கொயர் நிறுவனம் "ஃபைனல் ஃபேண்டசி 7" ஆட்டத்தை 1997இல் மூன்று குறுந்தட்டுகளாக பிளேஸ்டேஷனில் வெளியிட்டது. கடைசிக் கணக்கில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை.

எளிமை மட்டும் போதுமா?

இப்படிச் சொன்னால் எளிய கருவி வெல்லும், கடினமான கருவி தோற்கும் என்று ஒரு விதி செய்துவிடத் தோன்றும். அடுத்த தலைமுறை அந்த விதியைப் பொய்யாக்கியது.

சாட்டர்னில் பட்டுத் தெளிந்த சேகா, 1998இல் டிரீம்காஸ்டை நிரலாளர்கள் விரும்பும்படி செய்தது. ஒரே நல்ல செயலி, ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் வடிவமைக்கப்பட்ட திறமையான காட்சிச் சில்லு, ஒழுங்கான கருவிகள். ஆனாலும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்கு ஆட்டம் எழுத மறுத்தது. சேகாவின் கையில் பணமும் இல்லை. 2001 மார்ச்சோடு டிரீம்காஸ்ட் உற்பத்தி நின்றது.

2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 இதற்கு நேர்மாறு. அதன் மையச் சில்லுக்குள் இரண்டு வெக்டர் அலகுகள். அவற்றுக்குத் தனியாக, மிகக் கீழ்மட்ட மொழியில் நிரல் எழுத வேண்டும். காட்சி நினைவகம் 4 மெகாபைட் மட்டும். தொடக்கத்தில் வந்த ஆவணங்கள் போதாது என்று நிரலாளர்கள் நொந்துகொண்டார்கள். ஆனாலும் உலகில் அதிகம் விற்ற கன்சோல் இதுதான், 16 கோடி. முந்தைய பிளேஸ்டேஷனின் ஆட்டங்களும் அதில் ஓடின, டிவிடியும் பார்க்கலாம். வாங்குவோர் வந்தபின் நிரலாளருக்கு வேறு வழியில்லை.

அவர்களுடைய கஷ்டத்தைக் குறைத்தது யார் என்று பார்த்தால், மறுபடியும் ஒரு மூன்றாம் தரப்புதான். லண்டனுக்குத் தென்மேற்கே கில்ட்ஃபர்டில் இருந்த கிரைட்டீரியன் நிறுவனத்தின் ரெண்டர்வேர், வன்பொருளின் சிக்கலை மறைத்து, எல்லாக் கன்சோல்களுக்கும் பொதுவான ஒரு தளத்தை நிரலாளருக்குக் கொடுத்தது. எடின்பரோவில் எழுதப்பட்டு 2001இல் வெளிவந்த "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3" ரெண்டர்வேரில் கட்டியதே. இன்று யூனிட்டி, அன்ரியல் என்று எல்லோரும் சொல்லும் கேம் எஞ்சின்கள் செய்வதும் இந்த வேலையைத்தான்.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நான் விளங்கிக்கொள்வது இது. பெரிய நிறுவனம் கடினமான கருவியையும் சமாளித்துவிடும். அதற்கென்று பத்துப் பேரை வேலைக்கு வைக்கும், ரெண்டர்வேருக்குப் பணம் கட்டும். கடினம் விரட்டியடிப்பது சிறியவர்களை. ஒரு கன்சோல் எளிதாக இருப்பதால் அது விற்பனையில் ஜெயிக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் அதில் யாருடைய கதைகள் வரும் என்பதை அந்த எளிமை தீர்மானிக்கிறது.

செல் சில்லும் கலியாணச் சமையலும்

வெற்றி தந்த துணிச்சலில் சோனி 2006இல் பிளேஸ்டேஷன் 3ஐக் கொண்டுவந்தது. ஐரோப்பாவுக்கு அது 2007 மார்ச்சில் வந்தது. அதன் இதயம் ஐபிஎம், தொஷிபா நிறுவனங்களோடு சேர்ந்து செய்த செல் என்னும் சில்லு.

கலியாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமைச் சமையல்காரர். அவருக்கு மின்னல் வேகத்தில் வேலை செய்யும் ஆறு உதவியாட்கள். ஆனால் உதவியாட்கள் யாரும் களஞ்சிய அறைக்குள் போகக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பலகை. அதில் வைத்ததை மட்டுமே நறுக்கலாம். எந்தக் காய் எப்போது எந்தப் பலகைக்குப் போக வேண்டும், நறுக்கியது எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஒருவர் எழுதி வைக்க வேண்டும். செல் சில்லும் இப்படித்தான். ஆட்டத்துக்குக் கிடைத்த ஆறு துணைச் செயலிகளில் ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். தகவலை அங்கே அனுப்பி எடுக்கும் பொறுப்பு நிரலாளருடையது. சரியாகத் திட்டமிட்டவருக்கு அபாரமான வேகம் கிடைத்தது. மற்றவருக்கு உதவியாட்கள் சும்மா நின்றார்கள்.

ஓராண்டு முன்னரே வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360இல் ஒரே மாதிரியான மூன்று செயலிகள், பொதுவாக 512 மெகாபைட் நினைவகம். விண்டோஸ் கணினியில் எழுதிப் பழகியவர்களுக்கு அது சொந்த வீடு போல இருந்தது. இரண்டு கருவிகளுக்கும் வந்த ஆட்டங்கள் பல, எக்ஸ்பாக்ஸில் சீராகவும் பிளேஸ்டேஷனில் தடுமாறியும் ஓடின. வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2007இல் பிளேஸ்டேஷன் 3ஐ வெளிப்படையாகவே சாடினார். சோனியின் கஸ் ஹிராய் 2009இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், எளிதாக நிரல் எழுதக்கூடிய கருவியைத் தாங்கள் வேண்டுமென்றேதான் செய்யவில்லை, கடினமாக இருந்தால்தான் அதன் முழுத் திறனும் பல ஆண்டுகளில் மெல்ல வெளிப்படும் என்கிற பொருளில் விளக்கம் சொன்னார். நிரலாளர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

முதல் முக்கோணம் வர எத்தனை மாதம்?

சோனி திருந்தியது. பிளேஸ்டேஷன் 4இன் வடிவமைப்பைப் பொறுப்பேற்ற மார்க் செர்னி ஒரு நிரலாளர். கருவி செய்யும் பொறியாளர் அல்ல. அவர் முதலில் செய்தது, ஆட்டம் எழுதும் குழுக்களைத் தேடிப்போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதுதான். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது ஒரே தொட்டியாகப் பெரிய நினைவகம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் சாதாரணக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலியும் 8 கிகாபைட் பொது நினைவகமும் இருந்தன.

அதே ஆண்டு ஆற்றிய ஓர் உரையில் செர்னி ஒரு அளவுகோலைச் சொன்னார். ஒரு குழு புதிய கருவியைக் கையில் எடுத்த நாளிலிருந்து திரையில் முதல் முக்கோணத்தைக் காட்டும் அளவுக்கு அடிப்படை வேலை முடிய எவ்வளவு காலம் ஆகும்? முதல் பிளேஸ்டேஷனில் 1 முதல் 2 மாதம். இரண்டாவதில் 3 முதல் 6. மூன்றாவதில் 6 முதல் 12. நான்காவதில் மீண்டும் 1 முதல் 2. பிளேஸ்டேஷன் 5இல் அது ஒரு மாதத்துக்கும் குறைவு என்று 2020இல் சொன்னார். நூறு பேர் உள்ள நிறுவனம் ஓராண்டைப் பொறுத்துக்கொள்ளும். சேமிப்பில் வாழும் மூன்று பேர் ஓராண்டு முக்கோணத்துக்காகக் காத்திருக்க முடியாது.

சிறியவர்களுக்கான கதவுகள்

பொதுமக்களுக்கும் கதவைத் திறந்து பார்க்கும் முயற்சிகள் முன்னரே நடந்தன. சோனி 1997இல் நெட் யரோஸ் என்ற கறுப்பு நிற பிளேஸ்டேஷனைத் தனிநபர்களுக்கு விற்றது. அதில் எழுதிய ஆட்டங்களைப் பத்திரிகையோடு வரும் குறுந்தட்டுகளில் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2006இல் எக்ஸ்என்ஏ என்ற இலவசக் கருவியைக் கொடுத்தது. ஆண்டுச் சந்தா கட்டினால் யாரும் எக்ஸ்பாக்ஸ் 360க்கு ஆட்டம் எழுதலாம், 2008 முதல் விற்கலாம் என்றாயிற்று. அந்தக் கடை 2017இல் மூடப்பட்டது. 2013இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தின் கீழ் சிறு குழுக்கள் பதிப்பாளர் இல்லாமல் தாங்களே எக்ஸ்பாக்ஸில் வெளியிட வழி வந்தது. டெவ்கிட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இந்தியாவுக்கு வழி கிடைத்தது பழைய கருவியின் மூலம். பிளேஸ்டேஷன் 2க்கு ஒன்பது வயதாகி, அதன் சிக்கல்களெல்லாம் தெரிந்த விஷயங்களாகிவிட்ட பிறகு, 2009இல் ஐதராபாத்தின் அவுரோனா நிறுவனம் "அனுமன்: பாய் வாரியர்" என்ற ஆட்டத்தை அதற்கு எழுதியது. அதே நகரத்தின் கேம்சாஸ்திரா "தேசி அட்டா" என்று நம் ஊர் விளையாட்டுகளைக் கொண்டுவந்தது.

தமிழர் கதை ஒன்று எல்லாக் கன்சோல்களிலும் ஒரே நாளில் ஏறியது 2023 ஜூலை 31 அன்று. ரொறன்ரோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்த "வெண்பா" அது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தாய், தகப்பன் பாவலன், தமிழிலிருந்து விலகிப்போகும் மகன் கவின். கிழிந்தும் கறைபட்டும் போன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்து இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டம். யூனிட்டி எஞ்சினில் எழுதி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் லண்டனில் நடந்த பாஃப்டா கேம்ஸ் விருது விழாவில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. என் மருமகளின் கொழுக்கட்டைக்கு விதை போட்டதும் அதுதான்.

இதை 1995இன் கணக்கில் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனி டெவ்கிட், தனித்தனி மொழி, முன்பணம் கட்டி அச்சிட்ட கார்ட்ரிட்ஜ். இட்லிப் பானையைப் பற்றிய ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு எந்தப் பதிப்பாளர் அந்தப் பணத்தைப் போட்டிருப்பார்?

மூன்றாவது பூட்டு

இனி அந்த உடைந்த எழுத்துக்கு வருகிறேன்.

யூனிகோடில் "கொ" என்பது ககரமும் அதையடுத்து ஒகரக் குறியும் ஆகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். "கு", "ழு" போன்றவற்றுக்கு எழுத்துருவிலிருந்து தனி வடிவத்தை எடுத்துப் போட வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஒரு வடிவமைக்கும் நிரல் தேவை. விண்டோஸ் 2000இல் தமிழுக்கு அது வந்தது. ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இன்று கைத்தொலைபேசிகள் வரை இதைச் செய்கிறது. ஆனால் கேம் எஞ்சின்கள் பல வேகத்துக்காக எழுத்துகளைத் தாங்களே வரைகின்றன. ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து என்று வரிசையாக வைத்தால் ஆங்கிலத்துக்குப் போதும். சில எஞ்சின்கள் ஹார்ஃப்பஸை உள்ளே சேர்த்துக்கொண்டுவிட்டன. மருமகள் இறக்கியது அப்படிச் சேர்க்காத ஒன்று.

நிரல் எழுதுவது எளிது என்று சொல்லும்போது யாருக்கு எளிது, எந்த எழுத்தில் எளிது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முக்கோணம் இரண்டு நாளில் வந்துவிட்டது. கொம்பு வரவில்லை.

தீர்வு எனக்கு நினைவிலிருந்தே கிடைத்தது. 1990களில் மின்னஞ்சலில் தமிழ் எழுதியவர்களுக்கு பாமினி எழுத்துரு மறந்திருக்காது. முரசு அஞ்சல், தகுதரம், 1999 சென்னை மாநாட்டில் வந்த டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீட்டோடு மல்லுக்கட்டிய காலம் அது. பாமினியில் கொம்பை முதலில் அடிப்போம், பிறகு எழுத்து, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் சேமிக்கும் வரிசை. அதற்கு வடிவமைக்கும் நிரல் வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதிய தலைப்பை பாமினிக்கு மாற்றி, அந்த எழுத்துருவை ஆட்டத்துக்குள் வைத்தோம். "கொழுக்கட்டை" முழுசாக வந்து நின்றது. அவளுக்கு மகிழ்ச்சி.

எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். பாமினியில் இருப்பது தமிழின் படம் மட்டுமே. கணினியைப் பொறுத்தவரை அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். அதைத் தேட முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் நிரலுக்கு அது புரியாது. நாங்கள் இருபது வருடம் போராடிக் கழித்துக் கட்டிய ஒன்றைத் திரும்பவும் வாசலில் கூட்டி வந்திருக்கிறோம். ஆனால் பூட்டிய கேம் பாயைத் திறந்த எட்ஜ்வேர் இளைஞர்களும் முதலில் கையில் இருந்ததை வைத்துத்தான் சமாளித்தார்கள். பிறகுதான் சரியான கருவிகள் வந்தன.

ஹார்ஃப்பஸை அந்த எஞ்சினோடு இணைக்க முடியுமா என்று மருமகள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். சி மொழி தெரிய வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி முடிந்து வந்ததும் அதைப் படிக்கிறாள். போன கிழமை என்னிடம், "மாமா, கொம்பு ஏன் முன்னுக்குப் போகுது? ஆர் அப்பிடி முடிவு செய்தது?" என்று கேட்டாள். வட்டெழுத்து, சுவடி, வீரமாமுனிவர் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு நிரல் எழுதும் வேலை நடக்கவில்லை.